வடவாறு போகும் வழி

மார்கழியில் மழை ஓய்ந்து, வெயில் இன்னும் உறைக்காத சில வாரங்கள் உண்டு. வடவாற்றங்கரையில் நடக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. குளிர்நாட்டுக்காரர்கள் வெண்பனியில் கால் புதையாதிருக்க அகன்ற பனிமிதியைக் கட்டிக்கொண்டு மலை ஏரிக்குப் போவார்கள். நமக்குச் செருப்பே மிகை. வடவாறு போய்ச் சேரும், கடலூர் மாவட்டத்தின் பெரிய ஏரியான வீராணத்துக்கு மலையும் கிடையாது. சமவெளியில் மனிதர்கள் கரை எழுப்பித் தேக்கிய நீர் அது.

நடை அணைக்கரையில் தொடங்குகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை கடந்து கொள்ளிடம் வழியாக இங்கே வந்து சேரும். வடகரைத் தலைமதகில் பிரிந்து வடக்கே திரும்பும் வாய்க்கால்தான் வடவாறு. ஆறு என்று பெயர் வாங்கிய இந்த வாய்க்கால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் ஓடி ஏரியில் விழுகிறது. விடியற்காலையில் தண்ணீரின் மேல் மூட்டம் நிற்கும். எதிரே சைக்கிளில் வருபவர் மணியடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிவார். கரைக்குக் கீழே சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்திருக்கும். வரப்பில் இறங்கினால் முழங்கால்வரை நனைந்துவிடும்.

ஏரிக்கு அருகே, வைணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணபுரம். ஏரியும் வீரநாராயணன் ஏரிதான். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர் அது. அவன் மகன் இராஜாதித்தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த இளவரசன் 949இல் தக்கோலப் போரில் இறந்தான். அவன் பெயரைப் போரோடு நினைப்பதைவிட இந்தக் கரையோடு நினைப்பதே எனக்குப் பிடிக்கிறது. கல்கியின் வந்தியத்தேவன் ‘பொன்னியின் செல்வ’னில் குதிரையில் வந்ததும் இந்தக் கரைமேல்தான், ஆனால் அது ஆடிப்பெருக்கு நாள்.

லால்பேட்டையிலிருந்து கீழைக்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் இடப்பக்கம் எல்லை தெரியாத தண்ணீர், வலப்பக்கம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல். ஒவ்வொரு மதகுக்குக் கீழும் ஒரு வாய்க்கால், அதை நம்பிச் சில ஊர்கள். மொத்தம் ஏறக்குறைய 45,000 ஏக்கர் பாசனம். குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துக் கூட்டங்கள் நடுநீரில் கருந்திட்டாக மிதக்கும்.

ஏரியின் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 47.5 அடி. இந்த அடிக்கணக்கை வயற்காரர்களும் பார்க்கிறார்கள், சென்னையும் பார்க்கிறது. 1960களின் இறுதியில் தொடங்கிய முதல் வீராணம் திட்டம் பாதியில் நின்று, அதன் ராட்சதக் குழாய்கள் சாலையோரங்களில் கிடந்தன. 2004இல் புதிய திட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர்வரை தலைநகருக்கு அனுப்ப வல்லது அது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மேற்கிலிருந்து கருவாட்டு ஓடையும் செங்கால் ஓடையும் மழைநீரோடு வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. தூர்ந்த ஏரி வயலுக்கும் நகரத்துக்கும் பற்றாது. குடிக்கிற நகரம், தூர்வாரும் பணியையும் தன் பணியாக எண்ண வேண்டும்.

பெருமழையில் ஏரி தாங்காதபோது லால்பேட்டைக் கலிங்கு வழியே வெள்ளியங்கால் ஓடையில் நீரை விடுவார்கள். அப்போது கீழேயுள்ள ஊர்களில் யாரும் தூங்குவதில்லை. வடகோடியில் பூதங்குடி மதகைத் திறந்தால் தண்ணீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாற்றோடு சேரும். சென்னைக்கான குழாயில் ஏறியது வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வெள்ளாற்றில் இறங்கியது பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது.