அடுத்த வீட்டு ஆயா

‘கிட்ட உறவு முட்டப் பகை’ என்பது நம் முன்னோர் வாக்கு. உறவினரைக் குறித்துச் சொன்னதாயினும், அண்டை வீட்டாருக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். அதிலும், தனித்து வாழும் ஒரு மூதாட்டியும், அவருக்குப் பேரப்பிள்ளைகள் வயதுடைய ஓர் இளங்குடும்பமும் ஒரே சுவரின் இரு புறங்களில் வாழ நேர்ந்தால், அங்கே முளைக்கும் நட்பு பூவும் முள்ளுமாகவே வளர்கின்றது. கள்ளக்குறிச்சியில் எங்கள் அடுத்த வீட்டு ஆயாவோடு பழகிய ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் கண்ட உண்மை இது. பாட்டியை ஆயா என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆயாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இளமையிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவரை வாழவைத்தது புளி. ஊருக்கு மேற்கே 2000 முதல் 3000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் கல்வராயன் மலையிலிருந்து, கச்சிராயபாளையம் வழியாக மலைவாழ் மக்கள் புளியும் கடுக்காயும் தேனும் கொண்டுவருவார்கள். ஆயா புளியை வாங்கி, ஓடு தட்டி, கொட்டை நீக்கிச் சந்தையில் விற்பார். 1976-ஆம் ஆண்டில் மலையில் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்ட செய்தியைக்கூட, புளிச் சுமையோடு வந்த பெண்கள் சொல்லித்தான் அறிந்தாராம்.

பேருந்தைத் தவறவிட்ட அப்பெண்கள் இரவில் ஆயாவின் திண்ணையில் படுத்துறங்குவார்கள். விடியற்காலையில் புறப்படும்போது ஒரு படி சாமையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். “ஒரு ராத்திரி படுத்ததுக்கு எதுக்கு ஆயா சாமை?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “வாங்கிக்கலேன்னா அடுத்த தடவை வேற திண்ணையைத் தேடுவாங்கம்மா” என்றார். அவர் எங்களோடு பழகும் முறையும் இச்சொல்லில் அடங்கியிருந்தது.

நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். குழம்போ கூட்டோ செய்தால் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போகும். “உப்பு ஒரு கல் கூடிப்போச்சு” என்ற தீர்ப்போடு கிண்ணம் திரும்பி வரும். ஆனால் ஒருநாளும் வெறுங்கிண்ணமாக வந்ததில்லை. உள்ளே ஒரு புளி உருண்டை இருக்கும். அல்லது ஒரு பிடி முருங்கைக்கீரை இருக்கும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குச் சுவரைத் தட்டி, விளக்கு எரியவில்லை என்பார். களைத்து வந்த நாள்களில் அந்தத் தட்டலோசை இனிமையாக ஒலித்தது என்று சொன்னால் அது பொய்யாகும்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஆயா கடுங்காய்ச்சலில் விழுந்தார். எட்டு நாள் மருத்துவமனை வாசம். என் கணவர் இரவில் துணையிருந்தார். நான் கஞ்சி கொண்டுபோனேன். உடல் தேறி வீடு திரும்புமுன்னே ஊரில் பேச்சு எழுந்துவிட்டது: “சும்மாவா செய்கிறார்கள்? வீடு இருக்கிறதே!” வெளியூரிலிருந்து வந்த ஆயாவின் தம்பி மகன், எதிலாவது கைரேகை வாங்கினீர்களா என்று என் கணவரை நேரிலேயே கேட்டுவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் சமைத்த சோறு அப்படியே இருந்தது.

அதைவிட வியப்பு அடுத்த வாரம் காத்திருந்தது. ஆயா எங்கள் இருவரையும் அழைத்து, வீட்டை எங்கள் பெயருக்கே எழுதிவைக்கப்போவதாகச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் மறுத்தோம். அவர் மகிழ்வார் என்று எண்ணினோம். அவர் முகமோ வாடிவிட்டது. “வேணாம்னு சொல்றது உனக்குச் சுலபம்மா. நாளைக்கு நீ வராம நின்னுட்டா, எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?” என்றார்.

அன்றுதான் கிண்ணத்துப் புளியின் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று. பெறுவதை மட்டுமே விதியாக்கினால் முதியவர் உள்ளம் கூசுகின்றது. ஆனால் வீட்டையே ஈடாக வைத்தாலோ அன்பின் இடத்தில் கணக்கு வந்து அமர்ந்துவிடுகின்றது.

பிரான்சு நாட்டில் ஆர்ல் நகரத்தில் நடந்த ஒரு செய்தியை இங்கே நினைவுகூரலாம். ழான் கால்மான் என்ற மூதாட்டி 1965-ஆம் ஆண்டில், தம் 90-ஆவது வயதில், தமது வீட்டை ராஃப்ரே என்ற 47 வயது வழக்கறிஞருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். மூதாட்டி உயிரோடிருக்கும் வரை மாதந்தோறும் 2,500 பிராங்கு கொடுக்கவேண்டும். அவர் காலத்துக்குப் பின் வீடு இவருக்கு. முப்பது ஆண்டுகள் பணம் கட்டிய ராஃப்ரே 1995-இல் தாமே இறந்துபோனார். அவருடைய மனைவி தொடர்ந்து கட்டினார். மூதாட்டி 1997-இல், 122 வயதில் கண்மூடினார். கேட்கச் சிரிப்பு வருகின்றது. எனினும், ஒருவருடைய ஆயுள் நீள நீள மற்றவருக்கு நட்டம் ஏறும் ஓர் ஏற்பாட்டில், நல்லவரும் நாள் எண்ணத் தொடங்கிவிடமாட்டாரா?

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒரு காப்பளிக்கின்றது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்தவர் தம் சொத்தை எழுதிக்கொடுத்த பின், பெற்றவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். இது நல்ல சட்டமே. ஆனால் பத்திரத்தைத்தான் அது மீட்டுத்தரும்; சுவரைத் தட்டினால் எழுந்துவரும் மனத்தை எந்தச் சட்டம் தரும்?

நாங்கள் வேறு வழி கண்டோம். வீடு ஆயா பெயரிலேயே இருக்கின்றது. தம்பி மகனோடு ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசி, ஆயாவின் நலத்தைத் தெரிவிக்கின்றோம். அவருடைய ஐயமும் மெல்லத் தணிந்தது. ஆயாவின் சாவி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகின்றது. பள்ளி விட்டு வரும் எங்கள் மகளை, நான் வீடு திரும்பும் வரை ஆயாதான் பார்த்துக்கொள்கின்றார். “நீங்க இல்லேன்னா நான் வேலையை விடணும் ஆயா” என்று நான் சொன்னது முகத்துதியன்று, உண்மை. இப்போது அவர் எங்களை அழைக்கக் காரணம் தேடுவதில்லை. குழம்பில் உப்பு மட்டும் இன்னும் கூடுதலாகவே இருக்கின்றதாம்!

கல்வராயன் மலையின் இளைஞர்கள் குடகிலும் கேரளத்திலும் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். சமவெளிப் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். பின்தங்கும் முதியவருக்கு அடுத்த வீடே முதல் துணை. ஆகவே இளங்குடும்பத்தாரே, அடுத்த வீட்டு முதியவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவரிடம் மெய்யாகவே ஓர் உதவியைக் கேளுங்கள். உறவினரே, ஐயப்படுமுன் ஒருமுறை வந்து பாருங்கள். பெரியோரே, வீட்டைக் கயிறாக்கி அன்பைக் கட்ட முயலாதீர்கள். கிண்ணத்தில் நீங்கள் வைத்தனுப்பும் ஒரு பிடி கீரை போதும்.