நிற்கத் தெரிந்த பம்பு

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்குள் இருக்கிறது அந்த ஒர்க் ஷாப். தகரக் கூரை, பின்னால் முந்திரிக் காடு. சித்திரை வெயிலில் நண்பர் வீட்டு அம்பாசடரைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனோம். காலையில் ஒரே சாவியில் கிளம்பும் வண்டி, மத்தியானம் கால் மணி நேரம் நிறுத்தினால் மறுபடி எழுந்திருப்பதில்லை.

மேஸ்திரி பானெட்டைத் திறந்ததும் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

“ஏ.சி. பம்பு டயப்ரம் வெடிச்சிருக்கு தம்பி. பெட்ரோல் ஆயிலோட கலக்குது. இப்படியே ஓட்டினா பேரிங் போயிடும்.”

எஞ்சினின் பக்கவாட்டில் இருந்துகொண்டு, கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள, பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவது இந்தப் பம்பு. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். எஞ்சின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும். போதாததற்கு, இப்போது பங்க்குகளில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பருக்கு ஆகாது.

அதற்குப் பதிலாக எலக்ட்ரிக் பம்பு போடலாம் என்று அவர் சொன்னதும், பழைய வண்டிக்குப் புதுச் சட்டை என்று நினைத்தேன். 1948இல் வந்த மாரிஸ் மைனரிலேயே எஸ்.யூ. கம்பெனியின் எலக்ட்ரிக் பம்புதான் என்றார் மேஸ்திரி. சாவி போட்டால் டக் டக்கென்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். அடிக்காவிட்டால் பானாவால் ஒரு தட்டு, அப்புறம் பாயிண்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

கடையில் வாங்கி வைத்திருந்த இரண்டு பம்புகளில் ஒன்றை ஒதுக்கினார். அது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது. 40 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்கு 2, 3 பவுண்டு போதும். மிஞ்சினால் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழிந்துவிடும்.

பழைய பம்பைக் கழற்றிய இடத்தில் பேக்கிங் தாளை வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். அந்த வாயின் அச்சிலேயே தாள் அறுந்து வந்தது. மேலே இரும்புத் தகடு வைத்து மூடினார். புதுப் பம்பு, டேங்க் பக்கம், தாழ்வாக, ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர், ஏனென்றால் பழைய டேங்கின் துரு பம்பைத்தான் முதலில் பிடிக்கும். ஓஸ் எத்தனால் தாங்கும் ரகம். எர்த் வயருக்காக சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளி தெரிய வைத்தான் உதவிக்கு நிற்கும் பையன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஒரு மணி நேரம் வயரிங்குக்கே போனது. பியூஸ், ரிலே, ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பம்புக்கு நேராகக் கரண்டு. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு ஆயில் பிரஷர் இருந்தால்தான் கரண்டு. வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றபின்னும் பம்பு தள்ளிக்கொண்டே இருந்தால், அறுந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டும். ஒரு பொறி போதும். ஏ.சி. பம்பு எஞ்சினோடு தானே நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்புக்கு நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாரும் கேட்டு வாங்காத இந்த வேலையை அவர் ஒருநாளும் விட்டதில்லை. வண்டியில் வரும் குடும்பத்தை அவர் பார்த்ததுகூட இருக்காது. அவர்கள் உயிருக்கு இந்த ஒரு வயர்தான் காவல்.

“டேங்க் காய விடாதீங்க தம்பி, பம்பு வெறும் ஓட்டம் ஓடினா தேஞ்சிடும். ஃபில்டரை அப்பப்போ பாருங்க. சத்தம் மாறினா உடனே கொண்டாங்க.”

வண்டி கிளம்பியது. பையனை டேங்க் பக்கம் குனியச் சொன்னார். சாவியைத் தொடாமல் காயில் வயரை மட்டும் உருவினார். எஞ்சின் நின்றது.

“கேக்குதாடா?”

பையன் காதைத் தரையருகே வைத்தான்.

“ஒண்ணும் கேக்கலண்ணே.”

அதன்பிறகுதான் மேஸ்திரி கை துடைக்கத் துணி எடுத்தார்.