ரெண்டு பேர் தூக்கலாமோ?

டென்மார்க்கில் இருக்கும் மாமா சின்ன பிளாட் ஒன்றுக்கு மாறப்போகிறார். "என்ர பழைய டேபெட் அங்க கொள்ளாது. காகோவில போட்டுவிடவோ?" என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தேக்குச் சட்டம், மெல்லிய கால்கள், ஒற்றை மெத்தை. பகலில் இருக்கலாம், இரவில் படுக்கலாம். இன்ஸ்டாவில் நான் சேமித்து வைத்திருக்கும் வீட்டுப் படங்களில் பாதி இந்த மாதிரித்தான். எனக்கு உடனே ஆசை பிடித்துவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பழசை ஆரும் கப்பலில ஏத்துவினமே? அந்தக் காசை அனுப்பச் சொல்லு, செற்றி எடுப்பம்."

அம்மம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "ரெண்டு பேர் தூக்கலாமோ?"

எங்கட வீடு கிளிநொச்சியில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஐந்தரை இலட்சம் ரூபா உதவி, 550 சதுர அடி. ஹோலில் பிளாஸ்ரிக் கதிரைகள்தான். அம்மம்மா அறைக்குள் படுக்கமாட்டா, ஹோலில் பாய் விரித்துத்தான் படுப்பா. இப்ப முழங்கால் வருத்தம், நிலத்திலிருந்து எழும்ப ஒராள் பிடிக்கவேணும். ஆக, ஒரு கட்டில் கட்டாயம் வேணும்.

முந்தி எல்லாம் இருந்ததாம். 2008 இல் இடம்பெயர்ந்தபோது முதிரைக் கட்டிலும் சாய்மனைக் கதிரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. விசுவமடுவில் கதிரையை விட்டார்கள். புதுக்குடியிருப்பில் கட்டிலை விட்டார்கள். பிறகு பாய் மட்டும். எனக்கு அப்ப ஐந்து வயது.

டேபெட் பற்றித் தேடி வாசித்தேன். டேனிஷ் மொடேர்ன் என்றால் பணக்காரர் வீட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 1942 இல் அங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பு, பொர்கே மொகென்சன் என்ற வடிவமைப்பாளரிடம் தன் தளபாடப் பிரிவை ஒப்படைத்திருக்கிறது. சாதாரண சனத்தின் சின்ன வீடுகளுக்கு, மலிவாகவும் உறுதியாகவும் செய்யவேணும் என்பதுதான் வேலை. எங்கட சங்கக்கடை கதிரை மேசை செய்வித்த மாதிரி! 1954 இல் ஹான்ஸ் வெக்னர் வடிவமைத்த டேபெட்டில், முதுகுப் பக்கத்தை மேலே தூக்கினால் படுக்கை அகலமாகும். அந்தக் காலத்துத் தேக்கு டென்மார்க்கில் வளர்ந்ததும் இல்லை. ஆசியக் காடுகளிலிருந்து, மாமாவுக்கு முதலே கப்பலேறிப் போயிருக்கிறது.

மாமாவிடம் வீடியோவில் கட்டிலைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். சட்டம் முழுத் தேக்கு, மூட்டுகள் ஆடவில்லை. ஆனால் மெத்தையின் ஸ்பொஞ் பொடியாக உதிர்ந்தது, கீழே தாங்கும் றப்பர் பட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. பழைய டேபெட் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கோ. மரம் நிற்கும், ஸ்பொஞ்சும் றப்பரும் நிற்காது.

இன்னொன்றையும் கண்டேன். கால்கள் எல்லாம் போல்ட்டில் நின்றன. "அரை மணித்தியாலத்தில கழட்டிப்போடலாம்" என்றார் மாமா.

காகோச் செலவைக் கணக்குப் பார்த்தோம். அந்தக் காசுக்கு இங்கேயே செய்விக்கலாம். வளவில் விழுந்த வேம்பு அரிந்து கிடந்தது. மாமா அளவுகளை அனுப்பினார்: நீளம் 190 சென்ரிமீற்றர், அகலம் 80. உயரத்தை மட்டும் அம்மம்மாவின் முழங்காலுக்கு ஏற்றமாதிரிக் கூட்டினோம். இந்த வெக்கைக்கு ஸ்பொஞ் சரிவராது, மேலே பிரம்புப் பின்னல்.

ஓடாவி கேட்டார்: "பசை போட்டு இறுக்கவோ, நட்டுப் போட்டுக் கழட்டிற மாதிரி விடவோ?"

நான் அம்மம்மாவைப் பார்த்தேன். "இறுக்கிவிடு தம்பி. இனி நான் எங்க போறது?" என்றா.

"நட்டைப் போடுங்கோ அண்ணை" என்றா அம்மா. செற்றி கேட்ட அதே அம்மா. அவவிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

கட்டில் இப்ப ஹோலில் இருக்கிறது. பகலில் நான் அதில் இருந்து அசைன்மென்ட் எழுதுவேன், இரவில் அம்மம்மாவுக்கு. எழும்ப ஆளும் தேவையில்லை. அதைக் கழட்டும் ஸ்பானரை மட்டும் அம்மா அலுமாரிக்குள், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கிற பைக்குள் வைத்திருக்கிறா.