பாட்டியின் பூச்சாடி

தாத்தா இறந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, பாட்டி கேமரன் மலையிலிருந்து கிள்ளானில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். அப்போது நான் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு துணிப்பைகளும் ஒரு சிறிய பூச்சாடியும்தான் அவர் கொண்டு வந்த பொருள்கள். காரில் வந்த வழி முழுவதும் அந்தச் சாடியை மடியிலேயே வைத்திருந்தாராம்.

சாடியில் குட்டி ரோஜாச் செடி இருந்தது. அதன் உயரம் ஒரு சாண்தான். பூ, ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. ஆனால், இதழ், இலை, முள் எல்லாம் பெரிய ரோஜாவைப் போலவே இருந்தன.

பாட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். “முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தது போதும். இனி ஓய்வெடுங்கள், அத்தை,” என்றார் அம்மா. பாட்டியைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. மலைக்குளிரில் வாழ்ந்தவராயிற்றே என்று, குளிரூட்டி இருந்த என் அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணம் கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்குப் பகலிலும் வெயில் சுடாது. கிள்ளானிலோ நண்பகலில் வெப்பம் 32 பாகையைத் தாண்டிவிடும். எனவே, செடிக்கும் குளிர்தான் தேவை என்று எண்ணி, அதை என் படிப்பு மேசைமேல் வைத்தேன். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டே வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. மொட்டுகள் விரியாமலேயே காய்ந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கூடுதலாக ஊற்றினேன். ஒருநாள், சாடியின் அடித்தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதை அம்மா பார்த்துவிட்டார். “ஏடிஸ் கொசு முட்டையிட இவ்வளவு தண்ணீர் போதாதா? வீட்டில் யாருக்காவது டெங்கி வந்தால் என்ன செய்வது? முதலில் இந்தச் செடியைத் தூக்கி எறி,” என்று கடிந்துகொண்டார்.

தட்டைக் கழுவினேன், செடியை எறிய மனம் வரவில்லை. கட்டிலில் படுத்திருந்த பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால், ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்களிடம் பேசுவதே குறைந்துவிட்டது. சோற்றையும் பாதியிலேயே ஒதுக்கிவிடுவார். பகலிலும் படுத்தே இருந்தார். வயதானவர் களைப்பாக இருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் ரோஜாக்களைப் பற்றிய நூலொன்றைத் தேடிப் படித்தேன். குட்டி ரோஜாவின் மூதாதை சீன நாட்டு ரோஜாவாம். ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன், சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில், வீட்டுச் சன்னல்களில் அது சாடிகளில் வளர்வதை ரூலே என்பவர் கண்டார். அவர் பெயராலேயே அந்த ரோஜா ‘ரோசா ரூலெட்டி’ எனப்பட்டது. இன்றைய குட்டி ரோஜாக்கள் பலவற்றின் வம்சம் அதிலிருந்தே வந்ததாம்.

‘சன்னல்’ என்ற சொல் என்னை நிறுத்தியது. அந்தச் செடி வீட்டில்தான் வாழ்ந்தது. ஆனால், வெளிச்சத்தில் வாழ்ந்தது. நானோ குளிரைக் கொடுத்துவிட்டு, வெயிலைப் பறித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாடியைப் பாட்டியிடம் கொண்டு சென்றேன். “பாட்டி, எனக்குத் தெரியாமல் கெடுத்துவிட்டேன். நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்,” என்றேன். பாட்டி எழுந்து உட்கார்ந்தார்.

“நீ ஆசையாய்ச் செய்தாய், கண்ணு. குறுக்கே பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன்,” என்றவாறே ஓர் இலையைத் திருப்பினார். அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தது. ஊசிமுனை அளவில் ஏதோ ஊர்ந்தது. “செஞ்சிலந்தி! இதன் இனத்தைத் தேயிலையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! காற்று வறண்டிருந்தால் பெருகிவிடும். குளிரூட்டிக் காற்று வறண்ட காற்றுதானே?”

அன்று மாலை பாட்டி முதன்முறையாக எங்கள் பால்கனியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இலைகளின் அடிப்பக்கத்தைக் குழாய் நீரில் கழுவினார். காய்ந்த கிளைகளை வெட்டினார். சாடியைக் கவிழ்த்தபோதுதான், அது ஒரு செடியன்று, நெருக்கி நடப்பட்ட நான்கு சிறு செடிகள் என்று தெரிந்தது. அழுகிய வேர்களை நீக்கி, மண்ணோடு மக்கிய உரமும் எரித்த உமியும் கலந்து, அடியில் துளையுள்ள நான்கு சாடிகளில் தனித்தனியாக நட்டார்.

“எடுத்தவுடன் முழு வெயிலில் வைக்காதே. முதலில் காலையில் இரண்டு மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஐந்தாறு மணி நேரமாவது வெயில் பட்டால்தான் பூக்கும். மண்ணில் விரலை விட்டுப் பார். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று. தட்டில் நீர் நிற்கவே கூடாது,” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் பாட்டி எனக்கு முன்பே பால்கனிக்கு வந்துவிடுவார். மூன்று நாளுக்கு ஒருமுறை இலைகளைக் கழுவினோம். ஒரு செடி பிழைக்கவில்லை. மற்ற மூன்றும் துளிர்த்தன. ஏறக்குறைய ஏழு வாரங்களில் முதல் மொட்டு விரிந்தது.

அதற்குள் வீட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. “பருப்பை நான் தாளிக்கிறேன்,” என்று பாட்டி சமையலறைக்குள் நுழைந்தார். அம்மா தடுக்கவில்லை. பால்கனியில் அப்பா ஒரு நாற்காலி போட்டார். பக்கத்து வீட்டு அக்கா செடி வளர்க்கக் கற்றுக்கொள்ள வந்தார். பேச்சு வெகுநேரம் நீண்டது. அன்றிரவு பாட்டி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாட்டிக்கு ஓய்வு தேவை என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். செடிக்குக் குளிர் தேவை என்று நானாகவே முடிவு செய்தது போல. இரண்டிலும் அன்பு இருந்தது. ஆனால், யாரும் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் தண்ணீர் ஊற்றும்முன் மண்ணில் விரலை வைத்துப் பார்க்கிறேன். பாட்டிக்கு எதையாவது செய்யும்முன், “உங்களுக்கு என்ன வேண்டும், பாட்டி?” என்று கேட்கிறேன்.