மீன் தொட்டிக்கு ஃபேன் போடலாமா?

ஆயக்குடி என்றதும் பலருக்கும் கொய்யாப்பழம்தான் ஞாபகத்துக்கு வரும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மரத்தடி பயிற்சி மையம் ஞாபகம் வரலாம். மீன் தொட்டி யாருக்கும் வராது! ஆனால் பழனி, ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கமும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து தங்கமீன் வளர்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சித்திரை, வைகாசி வந்தால் அவர்கள் படும் பாடு தனி. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேனை வைத்து அதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் பாட்டைப் பார்ப்போம். தங்கமீன் அடிப்படையில் குளிர்ந்த தண்ணீர் மீன். சீனாவில் வளர்த்து வளர்த்து உருவானது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு சுகம். வெளியே 38 டிகிரி கொளுத்தும் நாளில், ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் தொட்டியின் தண்ணீர் 32ஐ சாதாரணமாகத் தொட்டுவிடும். மதியத்துக்கு மேல் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். பார்க்கிறவர்கள் பசி என்று நினைத்து தீனி போடுவார்கள். அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். ஒரு மில்லிகிராம்தானே என்று தோன்றும். சிக்கல் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. மனிதரைப் போல மீனுக்கு நிலையான உடல் சூடு கிடையாது. தண்ணீர் சூடானால் அதுவும் சூடாகும், உடம்புக்குள் எல்லா வேலையும் வேகமாகும், ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அடியில் அழுகும் தீனியைத் தின்கிற பாக்டீரியாவுக்கும் அதே கதைதான். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை :-)

(ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடிப்பது இயல்பு. அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

இந்த நேரத்தில் தொட்டியின் மூடிதான் பெரிய வில்லன். குழல் விளக்கு, அதன் சோக்கு எல்லாவற்றையும் மூடிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இப்போது எல்இடி வந்தபிறகு சூடு குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் சிக்கிய ஈரக்காற்று வெளியே போக வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. அது நிற்கும் வரை தண்ணீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிராது.

அதாவது, ஃபேன் காற்று தண்ணீரை நேரடியாகக் குளிர வைப்பதில்லை. 34 டிகிரி காற்றை 32 டிகிரி தண்ணீர் மேல் அடித்தால் தண்ணீர் எப்படிக் குளிரும்? காற்று செய்வது ஒன்றுதான். மேலே தேங்கிய ஈரத்தைத் தள்ளிவிட்டு, தண்ணீர் ஆவியாக இடம் விடுகிறது. ஆவியாகிப் போகும் தண்ணீர் மீதித் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. திண்ணையில் இருக்கும் மண்பானை காலங்காலமாக இதைத்தான் செய்கிறது.

கணக்கு போட்டால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். அதை ஒரு டிகிரி குறைக்க 210 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் போகும். ஆக, 90 மில்லி போதும். டீக்கடை டம்ளரில் ஒன்று! அறையிலிருந்து கண்ணாடி வழியாக சூடு திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் நிஜத்தில் இதைவிட அதிகமாகவே ஆவியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

இங்கேதான் ஆயக்குடிக்கு ஒரு அதிர்ஷ்டம். 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஈரமான பொருள் ஒன்று 23 டிகிரி வரைக்கும் குளிர முடியும். சென்னை மாதிரி கடலோரத்தில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29ஐத் தாண்டி இறங்காது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன கொளத்தூர் சென்னையில் இருக்கிறது, ஆனால் இந்த ஃபேன் வித்தை அங்கே சுமாராகத்தான் எடுபடும். வறண்ட ஊருக்குத்தான் நன்றாக எடுபடும். உங்கள் வீட்டில் எடுபடுமா என்று தெரிய, தெர்மாமீட்டரின் அடியில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். அது காட்டும் அளவுதான் எல்லைக்கோடு. தொட்டி அதுவரைக்கும் இறங்காது. இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். தங்கமீனுக்கு 32க்கும் 28க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

இனி செய்முறை. கம்ப்யூட்டர் கேபினட்டில் வரும் 80 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. பழைய மோடத்தின் அடாப்டரே உதவும், ஆனால் லேபிளைப் பார்க்க வேண்டும். சிலது 9 வோல்ட்டாக இருக்கும். அதிலும் ஃபேன் ஓடும், சத்தம் குறைவு, வேகமும் குறைவு. ஃபேன் ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியர் அளவு இழுக்கும் என்றால், ஒரு ஆம்பியர் அடாப்டர் தாராளம். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். மூன்றாவதாக மஞ்சள் ஒயர் இருந்தால் அது சுற்றும் வேகத்தைச் சொல்ல. டேப் ஒட்டி விட்டுவிடலாம்.

மூடி சன்பேக் ஷீட்டாக இருந்தால் கட்டர் பிளேடே போதும். பிளைவுட் என்றால் ஆசாரியிடம் ஓட்டை போட்டு வாங்குவது நல்லது. எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. காற்றை உள்ளே தள்ளுவது ஒன்று, ஈரக்காற்றை வெளியே இழுப்பது இன்னொன்று. உள்ளே தள்ளுவதே மேல். வெளியே இழுத்தால் நாள் முழுக்க ஈரக்காற்று மோட்டார் வழியாகவே போகும், ஒரே கோடையில் ஃபேன் கரகரக்க ஆரம்பிக்கும். மூடியின் ஒரு ஓரத்தில் இரண்டையும் தண்ணீர்ப் பரப்பைச் சாய்வாகத் தடவிப் போகிற மாதிரி வைத்து, எதிர் ஓரத்தில் அகலமாகத் திறப்பு விட வேண்டும். திறப்பை மறந்தால் செய்த வேலை எல்லாம் வீண். தண்ணீர் மேல் கண்ணாடி மூடி இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். திறப்புகளில் கொசுவலை ஒட்டினால் மீன் துள்ளி வெளியே விழாது. அறை ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடிய அறையில் சீக்கிரமே காற்று ஈரமாகிவிடும்.

ஒயர் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. 12 வோல்ட் ஒன்றும் செய்யாது, ஆனால் அடாப்டருக்குப் போவது 230 வோல்ட். அடாப்டர் தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ இருக்கக் கூடாது. ஒயர் ஒரு முறை கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். அப்போது ஒயரைப் பிடித்து வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

ராத்திரியும் ஃபேன் ஓடினால் விடியற்காலையில் தண்ணீர் தேவைக்கு மேல் குளிரும். பகலில் ஏறி இரவில் சட்டென்று இறங்கினால் மீன் சோர்ந்து, வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்க வசதியாகிவிடும். ஐஸ் பாட்டில் மிதக்க விடும் பழக்கத்திலும் இதுதான் கோளாறு. கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரில் போடுகிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டைக் கூலிங்குக்கு மாற்றி 27 டிகிரியில் வைத்தால் அது தானே பார்த்துக்கொள்ளும். வாங்க முடியாதவர்கள் காலை பத்து மணிக்குப் போட்டு இரவு எட்டு மணிக்கு நிறுத்தினால் போதும்.

கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. இரண்டு ஃபேனும் சேர்ந்து 5 வாட். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு நாலு யூனிட்டுக்குள்தான். உண்மையான செலவு தண்ணீர். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், அதிலிருக்கும் உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த ஒரு லிட்டரை தினமும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், 50 நாளில் தொட்டியில் உப்பு இரண்டு மடங்கு! கூட்டு வட்டி இல்லை, தனி வட்டிதான், இருந்தாலும் அசலளவு ஏறிவிடுகிறது. கண்ணாடியில் வெள்ளைக்கோடு படிவது அதன் அடையாளம். ஆவியான அளவை மட்டும் மழைத் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீரால் நிரப்பி, வாரம் ஒரு முறை கால் பங்கு பழைய தண்ணீரை மாற்றினால் சமாளிக்கலாம். குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் வீட்டில் தினம் ஒரு லிட்டர் பெரிதா சிறிதா என்பதை அந்த வீட்டு அம்மாதான் சொல்ல வேண்டும். மாற்றி எடுத்த பழைய தண்ணீர் வீணில்லை, செடிக்கு அது உரம்.

2012ல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் மணிக்கணக்காக கரண்ட் போனது பலருக்கு மறந்திருக்காது. இப்போது அந்த அளவு இல்லை என்றாலும், கோடை மழைக்கு முன் வீசும் காற்றில் கம்பி அறுந்தால் ஒரு ராத்திரி போய்விடும். காற்று மோட்டாரும் நின்று போன சூடான தொட்டியில், மீன் தாங்குவது சில மணி நேரம்தான். 12 வோல்ட் ஃபேனின் அருமை அப்போது தெரியும். பழைய பைக் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் சில மணி நேரமாவது ஓடும். மேல்பரப்பை அது அசைத்துக்கொண்டிருப்பதால் ஆக்சிஜனும் கொஞ்சம் கரையும். பேட்டரியும் இல்லையென்றால் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஃபேனைக் கழற்றிவிடலாம். இறக்கையில் படிந்த தூசியை பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி, நடு ஸ்டிக்கரைத் தூக்கி ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பேப்பரில் சுற்றி பரணில் போட்டால் பங்குனி வரை அங்கேயே கிடக்கும்.