செவுளைப் பார்த்து அறிய இயலாதது

மீன் வாங்கும்போது நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சதையை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். இச்சோதனைகளுக்கு அகப்படாத கேடு ஒன்று உண்டு. கதிரியக்கத்திற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அதனை அறியக் கருவி வேண்டும். கருவி காட்டுவதை மறைக்காமல் உரைக்கும் நாவும் வேண்டும்.

ஜப்பானிய மக்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். 2011 மார்ச் 11 அன்று எழுந்த ஆழிப்பேரலையால் புகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. உருகிய எரிபொருளைக் குளிர்வித்த நீரும், அதனோடு கலந்த நிலத்தடி நீரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்ந்தன. 2023 ஆகஸ்டு 24 முதல் அந்நீரைச் சுத்திகரித்துச் சிறிது சிறிதாகக் கடலில் விடுகின்றனர். சீசியம் போன்றவை பெரும்பாலும் பிரிக்கப்படுகின்றன. டிரிட்டியமோ நீரோடு நீராய் இருப்பதால் பிரிவதில்லை. ஆகவே கடல்நீர் சேர்த்து, அதனை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் கீழே கொணர்கின்றனர். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு 10,000. மீன் முதலிய பொது உணவில் சீசியம் கிலோவுக்கு 100 பெக்கரலைத் தாண்டலாகாது என்பது ஜப்பானில் 2012 முதல் உள்ள விதி.

அளவுகள் எல்லோருக்கும் ஒன்றே, தீர்ப்புகளோ வேறுபட்டன. ஐரோப்பிய ஒன்றியம் தன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை 2023 ஆகஸ்டு 3 அன்று நீக்கியது. மூன்று வாரங்களில் சீனம் ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடுத்தது. 2025 ஜூனில் அத்தடையை ஓரளவு தளர்த்தி, நவம்பரில் இரு அரசுகளுக்கிடையே பூசல் மூண்ட வேளையில் மீண்டும் இறுக்கியது. புகுஷிமாவுக்கு வெகு தொலைவிலுள்ள ஹொக்கைடோ மீனவரின் சிப்பிகளும் விலைபோகாமல் தேங்கின.

மீனவருக்கு மற்றொரு மனப்புண்ணும் உண்டு. சம்பந்தப்பட்டோரின் மனம் இசையாமல் நீரை அகற்றுவதில்லை என 2015இல் புகுஷிமா மீனவருக்கு எழுத்தில் வாக்களிக்கப்பட்டது. அவர்களது எதிர்ப்பு நீங்குமுன்பே நீர் கடலுக்குச் சென்றது. அளவு சரியாயிருக்கலாம், வாக்குத் தவறியபின் அளப்பவரை எவர் எளிதில் நம்புவர்?

பெருந்தீங்கு நேரக்கூடுமெனச் சான்றுகள் சுட்டினால், தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு செயலில் இறங்குவோருடையது என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். ஆள்வோருக்கு அது கடமை. நமக்கும் ஒரு கடமையுண்டு. பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை, ஆபத்தை மறைப்பவரை மட்டுமன்று, இல்லாத நஞ்சை இருப்பதாகப் பரப்பி ஏழை மீனவரின் பிழைப்பைக் கெடுப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. உணவைக் குறித்து அச்சமூட்டும் செய்தி நம் இல்லத்துக்கு வரும்போது, அளந்தவர் யார், கண்ட அளவு எவ்வளவு என்று வினவ நம் பிள்ளைகளைப் பழக்குவோம். விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்குச் சொல்லாதிருப்போம்.