எந்த வரலாற்றைக் கேட்கிறது இந்தப் பரீட்சை?

பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ‘லைஃப் இன் தி யூகே’ பரீட்சையில் தேறியாக வேண்டும். 45 நிமிடங்களில் 24 கேள்விகள். 18க்குச் சரியான விடை தந்தால் போதும். கட்டணம் 50 பவுண்ஸ். உள்துறை அமைச்சு 2013இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்புக் கையேடுதான் பாடநூல். இதைப் பற்றி நம்மவர்கள் இரண்டு பேர் பேசத் தொடங்கினால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்த விடைகள் தெரியாதே என்ற முறைப்பாடு முதலில் வந்துவிடும். அது உண்மைதான், ஆனால் வலுவான வாதம் அல்ல. ஒரு நாட்டில் பிறந்தவருக்கு அந்த நாட்டின் கதை தெரியாமல் போகலாம். அங்கே வாழ்வதென்று முடிவெடுத்து வந்தவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அநியாயம் எதுவும் இல்லை. என் குறை வேறு. இந்தப் பரீட்சை நம்மிடம் வரலாற்றை அதிகமாகக் கேட்கவில்லை, மிகக் குறைவாகக் கேட்கிறது. ஆண்டையும் பெயரையும் கேட்கிறதே தவிர, யார் எதைக் கோரினார்கள், யார் மறுத்தார்கள், மறுப்பு எப்படி உடைந்தது என்று கேட்பதில்லை.

ஷேக் தீன் முகமதுவை எடுத்துக்கொள்வோம். கையேட்டில் அவருக்குத் தனியிடம் இருக்கிறது. 1759இல் பிறந்தவர், வங்காளப் படையில் இருந்தவர், 1810இல் லண்டன் ஜோர்ஜ் வீதியில் ‘ஹிந்துஸ்தானி கோஃபி ஹவுஸ்’ என்ற உணவகத்தைத் திறந்தவர். பரீட்சைக்குப் போகிறவர் மனத்தில் நிறுத்திக்கொள்வது அந்த 1810ஐ. ஆனால் அந்த வாழ்க்கையில் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது! கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியர்களைக் கொண்டே இந்தியாவைப் பிடித்தது. முகமதுவின் தகப்பனும் அதன் படையில் இருந்து இறந்தவர். அயர்லாந்தில் குடியேறி, ஓர் ஐரிஷ் பெண்ணை மணந்து, 1794இல் தன் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார் முகமது. லண்டனில் அவர் திறந்த கடைக்கு, இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பிய வெள்ளைக்காரர்களே வாடிக்கையாளர்களாக வருவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்குப் பிழைத்து 1812இல் கடனில் மூழ்கினார். பிறகு பிரைட்டனுக்குப் போய் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலுமாகத் தொழிலை மாற்றி, இரண்டு மன்னர்களுக்குப் பணி செய்யும் அளவுக்கு உயர்ந்தார். பேரரசு, படைச் சேவை, கலப்புத் திருமணம், கடன், மறுபடி எழும்புதல் என்று இன்றைய குடியேறி ஒருவர் தன்னைப் பொருத்திப் பார்க்கக்கூடிய அத்தனையும் அங்கே உண்டு. அது ஓர் ஆண்டாகச் சுருங்கிப் போகிறது.

பரீட்சை தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. அரசியல் அறிஞர் பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழு 2003இல் அறிக்கை கொடுத்தபோது, மொழிப் பயிற்சிக்கும் அன்றாட வாழ்வுக்கு வேண்டிய அறிவுக்கும்தான் முதலிடம் தந்தது. 2005இல் பரீட்சை தொடங்கியபோது கையேட்டில் வரலாறு இருந்தது, ஆனால் அதிலிருந்து கேள்வி கேட்கவில்லை. ஆங்கிலம் போதாதவர்கள், குடியுரிமைப் பாடமும் சேர்ந்த ‘ஈசோல்’ ஆங்கில வகுப்பு ஒன்றை முடித்து அதே தகுதியைப் பெறலாம் என்ற வழியும் இருந்தது. 2013இல் இரண்டும் மாறின. வரலாறு பரீட்சைக்குள் வந்தது, வகுப்பு வழி மூடப்பட்டது. அந்த ஆண்டே டரம் பல்கலைக்கழகத்தின் தொம் புரூக்ஸ் (அவரும் அமெரிக்காவிலிருந்து வந்து இந்தப் பரீட்சையை எழுதிக் குடியுரிமை பெற்றவர்) புதிய கையேட்டை ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் நூலில் 999 என்ற அவசர இலக்கம் இல்லையென்று சுட்டிக்காட்டினார். 2018இலும் 2022இலும் பிரபுக்கள் சபைக் குழுக்கள் பரீட்சையைக் குறைகூறின. ஆக, இது வந்தேறிகளின் மனக்கசப்பு மட்டும் அல்ல.

கையேட்டில் போராட்டங்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாட்டிஸ்டுகள் இருக்கிறார்கள், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமலின் பாங்க்ஹர்ஸ்ட் இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு போராட்டமும், நாடு தானாகவே முன்னேறி வந்த பாதையில் நட்ட மைல்கல் மாதிரி நிற்கிறது. சாட்டிஸ்டுகளின் ஆறு கோரிக்கைகளைப் பாருங்கள்: வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு, வேட்பாளருக்குச் சொத்துத் தகைமை வேண்டாம், உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1842இல் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு போன மனுவை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. இரகசிய வாக்களிப்பு 1872இலும், சம்பளம் 1911இலும், எல்லா ஆண்களுக்கும் வாக்கு 1918இலும்தான் வந்தன. லண்டன் சாட்டிஸ்டுகளின் முன்னணியில் நின்றவர் வில்லியம் கஃபே, அடிமையாக இருந்த ஒரு கறுப்பரின் மகன், தொழிலால் தையல்காரர். 1848இல் அவரைப் பிடித்துத் தாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தினார்கள். இந்த நாட்டின் ஜனநாயகத்தைக் கட்டியவர்களில் குடியேறிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை அவரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நமக்குக் கிட்டிய காலத்தில், 1963இல், கறுப்பரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்ற பிரிஸ்டல் பஸ் நிறுவனத்தை மக்கள் நான்கு மாதம் புறக்கணித்துப் பணிய வைத்தார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான முதற் சட்டம் 1965இல் வந்தது. அதில் வேலைவாய்ப்பு சேரவில்லை, 1968இல்தான் சேர்ந்தது. இன்று வேலையிடத்தில் இனப்பாகுபாட்டுக்கு ஆளாகும் ஒரு தமிழ்த் தொழிலாளி தீர்ப்பாயத்துக்குப் போக முடிகிறதென்றால், அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டாமா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேடி வந்து தஞ்சம் கேட்டவர்கள், தஞ்சம் தந்த நாட்டின் குறைகளைத் தோண்டுவது நன்றிகெட்டதனம் என்பது அது. வெள்ளைக்காரர் மட்டும் அல்ல, நம் மூத்தவர்கள் பலரும் மனதார இப்படி நினைக்கிறார்கள். அவர்களது நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் நன்றி என்பது கணக்குத் தெரியாமல் இருப்பது அல்ல. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்ஸ் இழப்பீடு கொடுத்தார்கள்; அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக அரசு பட்ட கடன் முழுதாக அடைபட்டது 2015இல். அதாவது, அதற்கு முன் இங்கே வரி கட்டிய ஒவ்வொரு தமிழரின் பணமும் அந்தக் கடனுக்குள் போயிருக்கிறது. பங்காளிகளாகிவிட்ட பிறகு பேரேட்டைப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லையா? 2020 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள், அடிமைமுறையையும் பேரரசின் முடிவையும் கையேடு சொல்லும் விதத்தைத் திருத்தும்படி உள்துறை அமைச்சுக்கு எழுதினார்கள். நாட்டை வெறுப்பவர்களின் கடிதம் அல்ல அது.

இந்த வரலாற்றுக்குள் நாமும் இருக்கிறோம். 1987 பெப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். உரிய ஆவணம் இல்லாதவர்களை ஏற்றிவரும் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அபராதம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. அந்த டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சிவகுமாரன் வழக்கு, அகதியின் அச்சத்தை எப்படி அளப்பது என்பதை முடிவு செய்தது: அவர் மெய்யாகவே அஞ்சினால் மட்டும் போதாது, துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருப்பதாக முடிவெடுப்பவரும் காண வேண்டும். தமிழர்கள் தோற்றார்கள், 1988இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் அவர்களது அச்சம் சரியென்று தீர்ப்பாகி மறுபடி இங்கே வந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்த அகதியானாலும், அவரது வழக்கில் அந்தத் தீர்ப்பு பல ஆண்டுகள் அளவுகோலாக இருந்தது. இது தமிழர் வரலாறு மட்டும் அல்ல, பிரித்தானியச் சட்ட வரலாறு.

கணினித் திரையில் தரப்படும் விடைகளிலிருந்து தெரிவு செய்யும் பரீட்சையில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்பது நடைமுறைக் கேள்வி. கேட்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் 2013இல் மூடிய வகுப்பு வழியைத் திரும்பத் திறக்க வேண்டும் என்கிறேன். செலவு கூடும்தான். ஆனால் விண்ணப்பக் கட்டணமாக ஆயிரக்கணக்கான பவுண்ஸ் வாங்கும் அமைச்சு, அதில் ஒரு பங்கை வகுப்புக்குத் திருப்பினால் அது மக்களைத் தண்டிப்பதாக இராது. அமைச்சு அசையும்வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. லண்டனில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுப் பெற்றோர் இரண்டு மூன்று மணித்தியாலம் காருக்குள்ளோ நடைபாதையிலோ நிற்கிறார்கள். வெறுமையாக இருக்கும் ஒரு வகுப்பறையில் அவர்களைக் கூட்டி, கையேட்டின் ஒரு பக்கத்தையும் அந்தப் பக்கம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத் தமிழிலேயே வாசித்து விவாதிக்கலாம். முதல் வாரத்துக்குக் கஃபே, இரண்டாவது வாரத்துக்குப் பிரிஸ்டல் பஸ், மூன்றாவது வாரத்துக்குச் சிவகுமாரன் வழக்கு. பரீட்சைக்கு வேண்டிய 18 விடைகளும் அந்தப் பேச்சிலேயே மனத்தில் பதியும்.